பூவைப் படம் எடுக்க, அச்சடிக்க, வரைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பூக்களைப் படம் எடுக்கவும் அச்சடிக்கவும் வரையவும் ஆசைப்படும் நம்மவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. சமூக மன்ற வகுப்பில், பூமலையில் (சிங்கப்பூர் தாவரவியல் தோட்டம்) நடந்துகொண்டே பேசும்போது, வாட்ஸ்அப் குரல் பதிவில் என்று பல வழிகளில் வந்தவை. கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

மூணுமே பூப் படம்தானே? புகைப்படம், அச்சு, தாவர ஓவியம்னு ஏன் தனித்தனியா சொல்றீங்க?

மூன்றும் பூவிடம் எதிர்பார்ப்பது வேறு. புகைப்படம் அந்த ஒரு பூவை அந்த நேரத்து வெளிச்சத்தில் காட்டுகிறது. பூச்சி அரித்த இதழ் இருந்தால் அதுவும் படத்தில் இருக்கும். அச்சு பூவின் உருவத்தைக் கோடும் திட்டுமாகச் சுருக்குகிறது. எதை விடுவது என்ற முடிவில்தான் அதன் அழகு இருக்கிறது. தாவர ஓவியம் ‘இந்த இனம் இப்படித்தான் இருக்கும்’ என்று சாட்சி சொல்லும் படம். இதழ் எத்தனை, மகரந்தத்தாள் எங்கே ஒட்டியிருக்கிறது, இலைகள் எதிரெதிராகவா மாறி மாறியா என்று எல்லாம் அளவோடு இருக்க வேண்டும்.

ஆனால் மூன்றுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: ஒரே ஒரு பூவைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. நாம் பூவை முழம் கணக்கில் வாங்கிப் பழகியவர்கள். தலையில் வைக்கிறோம், சாமிக்குப் போடுகிறோம். ஒற்றைப் பூவை உற்றுப் பார்ப்பது குறைவு. கீழே வரும் பதில்களில் பாதி அந்தப் பார்வையைப் பற்றியவைதான்.

எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது. நான் எதுல ஆரம்பிக்கலாம்?

கையில் இருக்கும் தொலைபேசியும் ஒரு பென்சிலும் போதும். ஒரு செம்பருத்தியை எடுத்து பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவே நீண்டு நிற்பது ஒற்றைத் தண்டு போலத் தெரியும், ஆனால் அது குழாய். மகரந்தத்தாள்களின் காம்புகள் ஒன்றாக இணைந்து குழாயாகி, அதற்குள்ளே சூல்தண்டு ஓடி, உச்சியில் ஐந்து சிறு குமிழ்களாக (சூல்முடி) வெளியே வருகிறது. அடியில் சூல்பை. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் எடுக்கும் செம்பருத்திப் படங்களில் எங்கே ஃபோகஸ் வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

பிளந்ததைப் படம் எடுங்கள், பிறகு பென்சிலால் வரையுங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. இதழ் ஐந்து, குமிழ் ஐந்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பூவுக்கு எங்க போறது? பூமலைல ஒண்ணு பறிச்சா பிடிச்சிருவாங்களா?

பறிக்கக் கூடாது. பொதுப் பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியில்லாமல் செடியிலிருந்து எதைப் பறிப்பதும் சட்டப்படி குற்றம். வனப்பகுதியில் கீழே விழுந்ததையும் விழுந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். புளோக்குக்குக் கீழே இருக்கும் செடிகள் நகர மன்றம் வளர்ப்பவை. சமூகத் தோட்டமாக இருந்தால் பராமரிக்கும் அங்கிளிடமோ ஆன்ட்டியிடமோ கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மூன்றாகத் தருவார்கள்.

படம் எடுக்கப் பூமலைக்குப் போங்கள்; கையில் வைத்துப் பார்க்கத் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போங்கள். பஃபலோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் உள்ள பூக்கடைகளில் அரளி, சாமந்தி, ரோஜா, மல்லி, துளசி, தாமரை மொட்டு எல்லாம் கிடைக்கும். ஈரச்சந்தையில், ‘ரோஜாக்’ என்ற கலவை உணவில் போடும் இஞ்சிப்பூ மொட்டு ஒன்று வாங்கி நெடுக்காக வெட்டிப் பாருங்கள். அடுக்கடுக்கான அந்த மடல்களை லினோவில் (அச்சுக்காகச் செதுக்கும் மென்தகடு) செதுக்கினால் அவ்வளவு அழகு. வியாபாரத்துக்கான படப்பிடிப்பு அல்லது ட்ரோன் என்றால், போவதற்கு முன்பே தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குப் போனா வெளிச்சம் நல்லாருக்கும்?

இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு எழுந்து 7 மணிக்கு விழுகிறது. காலை 7 முதல் 9 வரை பூவுக்கு நல்ல நேரம், காற்றும் குறைவு. பூமலை காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவு இலவசம். உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. அது தாமதமாகத் திறக்கும்.

நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், உச்சி வெயில் இங்கே பகல் 1 மணிக்குத்தான். அந்த வெயிலில் இதழ் வெளுத்து நிழல் கறுத்துவிடும். அப்போது படம் எடுக்காதீர்கள். நீல அச்சுக்கு அதுதான் நேரம், கீழே சொல்கிறேன். மழை விட்டு மேகம் மூடிய சாயங்காலத்தை நான் எந்த வெயிலையும்விட விரும்புகிறேன். வானமே ஒரு பெரிய விளக்குத்திரையாகிவிடும்.

செம்பருத்திய எடுத்தா வெறும் சிவப்புத் திட்டாத்தான் வருது. மல்லிய எடுத்தா சாம்பல் நிறம். கேமராவே சரியில்லையா?

கேமரா சரியாகத்தான் இருக்கிறது. சென்சர் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து வெளிச்சத்தை அளக்கிறது. செம்பருத்தியில் சிவப்பு மட்டும் உச்சம் தொட்டுவிடும். மற்ற இரண்டும் தாழ்ந்து கிடப்பதால் மொத்த அளவு சரியென்றே காட்டும். உச்சம் தொட்ட இடத்தில் நரம்போ மடிப்போ பதியாது. எக்ஸ்போஷரை (சென்சரில் விழும் வெளிச்ச அளவு) ஒரு படியாவது குறைத்து, நிழலில் வைத்து எடுங்கள். தொலைபேசியில் பூவைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

மல்லிக்கு நேர்மாறு. படம் முழுக்க வெள்ளை என்றால் கேமரா அதை நடுத்தர வெளிச்சத்துக்கு இறக்கிச் சாம்பலாக்கும். அங்கே எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். சங்குப்பூ ஊதாவாக வருகிறது என்பார்கள். சிவப்புக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பல நீலப் பூக்கள் திருப்பி அனுப்புகின்றன. சென்சர் அதில் கொஞ்சத்தைப் பிடித்துவிடுகிறது. பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையில் நிறத்தைத் திருத்துவதே வழி.

மேக்ரோ லென்ஸ் கண்டிப்பா வாங்கணுமா?

ஆரம்பத்தில் வேண்டாம். முக்காலியும், காற்றில் ஆடாமல் காம்பைப் பிடித்துக்கொள்ள ஒரு துணி கிளிப்பும் அதைவிடப் பயன் தரும். பிறகு வாங்கினால், கிட்டத்தில் ஃபோகஸ் ஆழம் சில மில்லிமீட்டர்தான் கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சூல்முடி தெளிவாக இருந்தால் இதழ் மங்கும். ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்று சேர்ப்பது அதற்குத்தான்.

சில நாள் திடீர்னு ரோட்டோர மரமெல்லாம் வெள்ளையா பூத்துக் கிடக்கு. மறுநாள் போனா ஒண்ணுமில்ல. அது என்ன?

புறா ஆர்க்கிட். மரக்கிளைகளில் தொற்றி வளரும் சிறு ஆர்க்கிட் அது. அதன் மொட்டுகள் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். பெருமழை பெய்து வெப்பம் சட்டென இறங்கினால் அதுதான் சமிக்ஞை. ஏறத்தாழ ஒன்பது நாள் கழித்து அக்கம்பக்கத்தில் உள்ளவை எல்லாம் ஒரே நாளில் பூக்கும். பூ ஒரு நாள்தான் இருக்கும். நல்ல மழை பெய்த அன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

நீலக் கலர்ல பூ வெள்ளையா தெரியுமே, அந்த அச்சை வீவக வீட்டுல பண்ணலாமா? விஷம் இல்லையா?

சயனோடைப் என்பது அதன் பெயர். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியல் அறிஞர் கடற்பாசிகளை இப்படிப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களால் ஆன முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கேமரா இல்லாமல், பாசியைத் தாளில் வைத்து வெயிலில் காட்டிப் பிறந்த படங்கள்.

செய்முறை எளிது. 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் சம அளவு கலந்து, மங்கலான மஞ்சள் விளக்கில் தாளில் பூசி, இருட்டில் உலர்த்துங்கள். சன்னலை மூடினால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் குளியலறையே போதும். பூவை வைத்து மேலே கண்ணாடித் தகடு போட்டு உச்சி வெயிலில் வையுங்கள். நம் வெயிலில் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தாள் வெண்கலச் சாம்பலாக மாறிவிடும். பிறகு மஞ்சள் போகும்வரை குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். நீலம் ஒரு நாள் முழுக்கக் கருத்துக்கொண்டே போகும். சோப்போ சமையல் சோடாவோ படக் கூடாது, காரம் இந்த நீலத்தைத் தின்றுவிடும்.

பெயரில் சயனைடு வருவதால் பயப்படுகிறார்கள். அந்தச் சேர்மத்தில் அது இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. கடும் அமிலத்தோடு சேர்க்காமல், சூடாக்காமல் இருந்தால் ஆபத்து குறைவு. ஆனாலும் கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பூசிய தாளை அன்றே பயன்படுத்திவிடுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் அது வெயிலுக்குப் போகுமுன்பே நீலம் பாய்ந்து கெட்டுவிடும்.

ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் மஞ்சள்தூளைச் சாராயத்தில் கரைத்து வடிகட்டித் தாளில் பூசி, இலையை வைத்து சில மணி நேரம் வெயிலில் காட்டலாம். வெயில் பட்ட இடம் வெளுக்கும். வெண்காரம் கரைத்த நீரில் நனைத்தால் மஞ்சள் செம்பழுப்பாக மாறி உருவம் எடுப்பாகத் தெரியும். நாளடைவில் மங்கும், சுவரில் மாட்ட ஏற்றதல்ல.

அப்படியே பண்ணேன். ரோஜா வெறும் வெள்ளை உருண்டையா வந்திருக்கு. என்ன தப்பு?

பூவின் தேர்வுதான் சரியில்லை. இந்த முறையில் தாளில் விழுவது நிழல். ரோஜாவும் சாமந்தியும் தடிமனானவை. உள்ளே என்ன இருந்தாலும் நிழல் ஒரு திட்டுத்தான். இதழ் தாளைத் தொடாத இடத்தில் ஓரமும் மங்கும். ஒளி ஊடுருவும் மெல்லிய பூக்களை எடுங்கள். சங்குப்பூ, காகிதப்பூ, தனித்தனியாகப் பிரித்த செம்பருத்தி இதழ் ஆகியவற்றில் நரம்புகள்கூட விழும். இரண்டு நாள் புத்தகத்துக்குள் அழுத்தித் தட்டையாக்கிவிட்டு வைத்தால் இன்னும் தெளிவு. காகிதப்பூவில் நிறமாகத் தெரிபவை பூவடிச் செதில்கள். உண்மையான பூ நடுவில் உள்ள சிறு வெள்ளைக் குழல். அச்சில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள்.

லினோல ஈழத்தலரி செதுக்கினேன். நல்லா வந்திருக்கு, ஆனா தெரிஞ்சவர் ஒருத்தர் “இது தப்பான பூ”ங்கறார். ஏன்?

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அச்சில் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறும். ஈழத்தலரி, அரளி, நந்தியாவட்டை ஆகியவை ஒரே குடும்பம். இவற்றின் ஐந்து இதழ்களும் ஒன்றன்மேல் ஒன்று ஒரே பக்கமாக ஏறி, காற்றாடி போலத் திருகியிருக்கும். ஓர் இனத்தில் அந்தத் திருகு ஒரே திசைதான். பார்த்தபடியே செதுக்கினால் அச்சில் திருகு எதிர்ப்பக்கம் போய்விடும், அப்படி ஒரு பூ மரத்தில் கிடைக்காது. செம்பருத்தியில் இரண்டு திருகும் ஒரே செடியிலேயே உண்டு, அங்கே கவலையில்லை. சங்குக்கொடி போன்ற கொடிகளுக்கும் சுற்றும் திசை உண்டு.

தீர்வு சுலபம்: பென்சில் படத்தை டிரேசிங் தாளில் எடுத்து, தாளைக் கவிழ்த்து லினோவில் பதியுங்கள். பெரிய அச்சுக்கூடம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க ஆசையிருந்தால், ராபர்ட்சன் கீயில் 2002 முதல் எஸ்டிபிஐ இருக்கிறது. காட்சிக்கூடத்துக்குப் போய் அச்சுகளைக் கிட்டத்தில் பாருங்கள்.

தாவர ஓவியத்துல மொட்டு, பூ, காய், விதை எல்லாம் ஒரே தாள்ல இருக்கே. செடியில அப்படி ஒண்ணா இருக்காதே, அது பொய் இல்லையா?

பொய்யில்லை, தொகுப்பு. முதல் பதிலில் சொன்னதுபோல அது ஓர் இனத்தின் படம். பூத்தபோது பூவையும் காய்த்தபோது காயையும் நேரில் பார்த்து, ஒவ்வொன்றையும் அளந்து, ஒரே தாளில் இடம் கொடுக்கிறார்கள். அளவுக்கோல் போடுவது அதனால்தான். வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து விழுவதாக வைப்பது மரபு. பார்க்காத ஒன்றை ஊகித்துச் சேர்த்தால்தான் அது பொய்.

நாகலிங்கப் பூவை வரைய முடியாம தவிக்கிறேன். எங்க ஆரம்பிக்கிறது?

நம் ஊர்க் கோயில்களில் பார்த்துப் பழகிய மரம் என்றாலும் அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. பூ கிளையில் வராமல் அடிமரத்திலிருந்தே தொங்கும். நாம் நாகமும் லிங்கமுமாகப் பார்ப்பதைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணுங்கள். சதைப்பற்றான இதழ் ஆறு. நடுவே வட்டமாக, குட்டையான மகரந்தத்தாள்கள் நெருக்கமாக நிற்கும். அந்த வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து பட்டையான நாக்கு ஒன்று எழுந்து வளைந்து பாம்பின் படம் போலக் கவிந்திருக்கும்; அதன் உட்புறம் முழுக்க இன்னொரு கூட்டம் மகரந்தத்தாள்கள். வட்டத்தில் உள்ள மகரந்தம் விதை பிடிக்க உதவும்; நாக்கில் உள்ளது வண்டுக்கும் தேனீக்கும் தீனி. தீனியைத் தேடி உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் வட்டத்து மகரந்தம் ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு புரிந்தால் கோணம் தானாகக் கிடைக்கும். நேர் முன்னால் வரையாதீர்கள். பக்கவாட்டில், பாதியாக வெட்டிய தோற்றத்தில் வரையுங்கள். தேனீ நுழையும் இடைவெளி அதில்தான் தெரியும். நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு: பக்கவாட்டு இதழ்கள் இரண்டும் அடியில் முறுக்கிக்கொண்டு பின்புறத்தை முன்னால் காட்டும். அந்த முறுக்கை விட்டு வரைந்த படங்களை நிறையப் பார்க்கிறேன்.

போட்டோவப் பார்த்து வரைஞ்சா ஏமாத்துறதா? நெட்ல கிடைக்கிற படம்னா?

உங்கள் சொந்தப் படம் என்றால் ஏமாற்று இல்லை. பூ வாடுமுன் நிறத்தையும் தோற்றத்தையும் பதிந்துவைக்க எல்லோரும் எடுப்பார்கள். ஆனால் படத்தை மட்டும் நம்பாதீர்கள். கிட்டத்தில் எடுத்த படத்தில் முன்னிதழ் பெருத்துப் பின்னிதழ் சிறுக்கும், நிறமும் செம்பருத்திப் பதிலில் சொன்னபடி மாறும். கவராயத்தால் பூவை அளந்து எழுதிவையுங்கள்.

அடுத்தவர் படத்தைப் பார்த்து அப்படியே வரைவதாக இருந்தால் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் ஓவியங்களுக்கான காப்புரிமை படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப்பின் 70 ஆண்டும்.

பழைய தாவர ஓவியம் எல்லாம் வெள்ளைக்காரங்க வரைஞ்சதுதானே? நம்ம பக்கத்து ஆளுங்க யாராவது உண்டா?

நிறைய உண்டு, பெயர்தான் பல இடங்களில் விடுபட்டுப்போனது. தேசிய அரும்பொருளகத்தில் உள்ள ஃபார்க்குவார் தொகுப்பில் 477 ஓவியங்கள். விலங்கு, பறவை, செடி எல்லாம் உண்டு. 1996இல் நன்கொடையாக வந்தவை. வில்லியம் ஃபார்க்குவார் பணம் கொடுத்து வரையச் சொன்னார். வரைந்தவர்கள் சீன ஓவியர்கள், அவர்கள் பெயர் எதுவும் பதிவாகவில்லை. பூமலையில் ரிட்லி இயக்குநராக இருந்த காலத்தில் இலங்கையிலிருந்து வந்த டி ஆல்விஸ் சகோதரர்கள் அங்கே வரைந்தார்கள்.

இந்தியாவில் என்றால் நான் முதலில் சொல்வது ரங்கையா, கோவிந்து என்ற இருவரை. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மதராஸ் மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற மருத்துவருக்காகத் தென்னிந்தியச் செடிகளை வரைந்தவர்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட பெருந்தொகுப்பில் 2,101 படங்கள், கல்லச்சில் அடித்தவை. படங்களுக்குக் கீழே இவர்கள் பெயரை அவர் போட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்துவின் பெயரையே வைத்தார். அக்காலத்தில் அப்படிச் செய்தவர்கள் அரிது. பின்னாளில் வகைப்பாடு மாறி அந்தப் பெயர் வழக்கிலிருந்து போனது. அந்தப் பட வரிசையைத் தேடிப் பாருங்கள். வெள்ளைத் தாளில் செடியை நிறுத்தும் விதம், காம்பின் ஒரே கோட்டில் தடிமன் மாறும் விதம், இரண்டுமே படிக்க வேண்டிய பாடம்.

நேரில் பார்க்க, பூமலையின் கேலப் விரிவாக்கப் பகுதியில் இன்வர்டரெட் என்ற பழைய பங்களாவில் 2021 முதல் தாவர ஓவியக் காட்சிக்கூடம் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

தாள் அலை அலையா ஆயிடுது. லென்ஸுக்குள்ள வலை மாதிரி ஏதோ. எல்லாருக்கும் இப்படியா?

இங்கே எல்லாருக்கும். லென்ஸில் தெரிவது பூஞ்சை. 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் நிற்கும் உலர்பெட்டியில் வையுங்கள், அல்லது காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் வழவழப்பான பருத்தித் தாள் வாங்குங்கள். பிராஸ் பசா காம்ப்ளெக்சில் கிடைக்கும். முடிந்த படத்தைச் சுவரோடு ஒட்டாமல், கண்ணாடியும் தாளும் தொடாதபடி மவுண்ட் வைத்துச் சட்டம் போடுங்கள்.

கோயில்ல தந்த மாலைப் பூவை அச்சுக்கு வெச்சுக்கலாமா?

சாமிக்குச் சாத்திய பூவைக் காலில் படாமல் மரத்தடியிலோ நீரிலோ சேர்க்கும் வழக்கம் நம்முடையது. வேறு எதற்கும் எடுக்குமுன் குருக்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் எடுப்பதில்லை. அச்சில் பூ நசுங்கும், மை படும், கடைசியில் குப்பைக்குப் போகும். அதற்கு உதிரிப் பூ வாங்கிக்கொள்கிறேன்.

மல்லிச் சரத்தை அப்படியே வரைஞ்சா அது தாவர ஓவியம் ஆகுமா?

தனியாக ஆகாது. மல்லியை அடையாளம் காட்டுவது அதன் புல்லி, அதாவது பூவின் அடியில் உள்ள பச்சை உறை. நூல் போல மெல்லிய நுனிகளாகப் பிரிந்திருக்கும். சரத்தில் அதன் மேல்தான் நார் விழுகிறது. இலையும் இல்லை. ஆனால் சரமும் வரையத் தகுந்த பொருள்தான். முடிச்சு எங்கே விழுகிறது, பூக்கள் எப்படி முதுகோடு முதுகாக நிற்கின்றன என்பதைக் கட்டுபவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வரைந்தால் அதுவும் ஆவணம்தான். நான் வகுப்பில் சொல்லும் யோசனை, இரண்டையும் ஒரே தாளில் வைப்பது: ஒரு பக்கம் சரம், மறுபக்கம் பிரித்த ஒற்றைப் பூவும் புல்லியும் இலையும், கீழே ஒரு சென்டிமீட்டர் கோடு.

மதியமே வாங்கிவிடுங்கள். மாலையில் மொட்டு விரியத் தொடங்கினால் வரைய வரைய உருவம் மாறும். கட்டாத உதிரி மொட்டு வேண்டுமென்று தேக்காவில் கேட்டால் தருவார்கள். இலையோடு வேண்டுமென்றால் நர்சரியில் ஒரு மல்லித் தொட்டி வாங்கித் தாழ்வாரத்தில் வெயில் படும் இடமாக வைப்பதுதான் வழி.